கிணற்றில் குறைந்த ஓர் அங்குலம்

இதை நீ படிக்கும்போது உனக்கு இருபத்திரண்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லித்தான் இந்த உறையை ஒட்டி உன் அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். இப்போது உனக்கு இரண்டரை வயது. பக்கத்து அறையில் ஒரு டப்பா மூடியைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறாய். நாளை மறுநாள் நான் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறேன். ஆறு மாதம் கழித்து நீயும் அம்மாவும் வருவீர்கள். அங்கேயே பள்ளிக்கூடம் போவாய், அங்கேயே வளர்வாய். வருடம் ஒரு முறை ஊருக்கு வரும்போது பெரியப்பா உன்னைத் தூக்கிக்கொள்வார், இளநீர் வெட்டித் தருவார். என்னிடம் மட்டும் பேசமாட்டார். ஏதோ ஒரு வயதில் நீ ஏன் என்று கேட்பாய். எனக்கு வாயால் சொல்ல வராது. எழுதிவிடுகிறேன். நயமாக எழுதத் தெரியாது, சோதனை அறிக்கை எழுதித்தான் பழக்கம். அதனால் இதுவும் அப்படித்தான் இருக்கும்.

துடியலூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. பகலில் வேலை, மாலையில் கல்லூரி, எம்.இ. படிப்பு. நீ பிறந்த வருடம்தான் அதற்கு ஆய்வுத் தலைப்பு எடுத்தேன். விசயம் இதுதான். ஒன்று உள்ளே எப்படி இயங்குகிறது என்று திறந்து பார்க்க முடியாது. உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது என்பதை மட்டும் வெளியிலிருந்து அளக்கலாம். அந்த அளவுகளும் சுத்தமாக இருக்காது. அளக்கிற கை நடுங்கும், நாடா நனையும், கண் ஏமாறும். இப்படித் தப்பும் தவறுமான எண்களை வைத்துக்கொண்டு உள்ளே இயங்குவதற்கு ஒரு சமன்பாடு எழுத வேண்டும். அதற்குப் பெயர் மாடல். மாடல் சொல்கிற எண்ணும் அளந்த எண்ணும் கூடுமானவரை ஒட்டி வரும்படி அதற்குள் இருக்கிற மாறிலிகளைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். இரண்டு மடங்கு கொடுத்தால் இரண்டு மடங்கு பதில் சொல்கிற சாதுவான பொருள்களுக்கு இது சுலபம். அப்படிச் சொல்லாத பொருள்களுக்குக் கஷ்டம். எனக்குக் கஷ்டமானதுதான் வேண்டும் என்றேன். ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர், என் கைடு, நிஜமான டேட்டா கொண்டு வா என்றார்.

நம் கிணற்றை எடுத்துக்கொண்டேன். கிணத்துக்கடவுக்கு அந்தப் பக்கம் நம் தோட்டத்துக் கிணற்றை நீ பார்த்திருப்பாய். மேலே நாற்பதடிக்கு நாற்பதடி, கீழே பாறைக்குள் போகப் போகக் குறுகும். பாறை வெடிப்புகளிலிருந்து தண்ணீர் ஊறும். நீர்மட்டம் வெடிப்புக்குக் கீழே இருந்தால் ஊற்று தாராளமாக விழும், மேலே ஏறிவிட்டால் மந்தமாகும். அதனால் இரண்டு மணி நேரம் இறைத்தால் இறங்குகிற ஆழம், ஒரு மணி நேரத்துக்கு இறங்குவதைப் போல இரண்டு மடங்காக இருக்காது. எனக்கு வேண்டியது அதுதான். நாலு நாளுக்கு ஒரு சுற்று என்று அந்தக் கிணற்றுக்கு முறை உண்டு. இரண்டு நாள் என் சித்தப்பாவுக்கு, ஒரு நாள் அண்ணனுக்கு, அதாவது உன் பெரியப்பாவுக்கு, ஒரு நாள் எனக்கு. நான் ஊரில் இல்லாததால் என் நாளையும் அண்ணனே பார்த்துக்கொண்டார், என் தென்னைகளுக்கும் அவரே பாய்ச்சினார். யார் எப்போது மோட்டார் போட்டார்கள் என்று மோட்டார் ரூமில் ஒரு நோட்டில் எழுதுவார்கள். எனக்கு அதுவே போதும். வெளியே போன தண்ணீர் நோட்டில் இருக்கிறது, நீர்மட்டத்தை மட்டும் யாராவது தினம் இரண்டு வேளை அளந்து எழுத வேண்டும்.

அதைச் சரோஜா செய்தாள். நம் தோட்டத்தில் வேலை செய்தவள், காலனியில் வீடு, எட்டாவது வரை படித்தவள். அளவு நாடாவின் நுனியில் ஒரு போல்ட்டைக் கட்டிக் கொடுத்தேன். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அதை இறக்கி, போல்ட் தண்ணீரைத் தொடுகிற இடத்தில் அடியும் அங்குலமும் படித்து எழுத வேண்டும். காலனி ஆட்கள் அந்தக் கிணற்றை அளக்கலாம், அதில் தண்ணீர் மொள்ளக் கூடாது. அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று இப்போது எழுதினால் பொய்.

"ஏனுங்க சின்னவரே, கெணத்துக்குக் காச்சலுங்களா? காலைலயும் பொழுதோடயும் பாக்கச் சொல்றீங்க?" என்றாள் முதல் நாள்.

"காச்சல்தான். எத்தன டிகிரின்னு நீதான் சொல்லோணும்."

"கூடிப்போச்சுன்னா ஊசி போடுவீங்களாக்கும்."

நான் சிரிக்கவில்லை, பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "உள்ளதை உள்ளபடி எழுது. நேத்து என்ன எழுதினோம்னு பாத்துட்டு எழுதாதே. அரை அங்குலம்கூட உன் இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது" என்றேன். "மாத்தி எனக்கு என்னங்க ஆகப்போவுது" என்றாள்.

நாலு மாதம் எழுதினாள். ஒரு வேளைகூட விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் நோட்டைப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டு வந்து கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மாடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றைப் போலவே நடக்க ஆரம்பித்தது. ஊற்று எத்தனை அடியில் இருக்கிறது என்று கிணற்றில் இறங்காமலே சொன்னது. அண்ணனிடம் கேட்டேன், அதே அடிதான். அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. உன் அம்மா, "குழந்தை குப்புற விழுந்துருச்சுங்க, நீங்க கெணத்தையே நெனச்சுட்டு இருங்க" என்றாள்.

ஆனால் ஒன்று ஒட்டவில்லை. மாடல் சொல்வதற்கும் நாடா சொல்வதற்கும் நடுவில் எப்போதும் ஒரு மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் முன்னும் பின்னும் தாறுமாறாக இருந்தால் அது வெறும் அளவுப் பிழை, கவலையில்லை. அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தால் நாம் எழுதாமல் விட்ட ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். நம் கிணற்றில் காலை நீர்மட்டம் மட்டும், எல்லாருடைய முறை நாட்களிலும், மாடல் சொன்னதைவிடச் சராசரியாக ஓர் அங்குலம் தாழ்ந்து வந்தது. ஒரு நாள் எண்ணைப் பார்த்தால் தெரியாது. நாடாவின் பிழையே அதற்கு மேல் இருந்தது. நாலு மாத எண்களை ஒன்றாக வைத்தால்தான் தெரியும். ஊரில் யாருடைய கண்ணுக்கும் தெரியாத ஓர் அங்குலம். அதை என்னைத் தவிர யாராலும் பிடித்திருக்க முடியாது. அதில் எனக்குப் பெருமை இருந்தது, மறைக்கவில்லை.

மாலைக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில் யாரோ நோட்டில் எழுதாமல் தண்ணீர் எடுக்கிறார்கள். சித்தப்பா மகன் செந்தில் அந்த வருடம்தான் கோழிப்பண்ணை போட்டிருந்தான். கோழிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். எனக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. கிணற்றின் மாறிலி ஒவ்வொன்றையும் ஐம்பது முறை சரிபார்த்தவன், இதை ஒரு முறைகூடச் சரிபார்க்கவில்லை. எவ்வளவு எடுக்கிறார்கள் என்று என் மாடல் சொன்னது. யார் என்று அது சொல்லவில்லை. அதை நானே நிரப்பிக்கொண்டேன். நீ எந்தப் படிப்பு படித்தாலும் சரி, இந்த இடத்தில் நிதானமாக இரு. எண் சொன்னது எது, நீயாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

அப்போது தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பக்கவாட்டில் பாறையைத் துளைத்து சைடு போர் போடலாமா என்று சித்தப்பா என்னைக் கேட்டிருந்தார். பதில் சொல்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரையும் மோட்டார் ரூமுக்கு வரச் சொன்னேன். சித்தப்பா, செந்தில், அண்ணன், இரண்டு பங்காளிகள். பிரிண்டரில் எடுத்த தாள்களை ஒட்டி நீளமான கிராஃப் ஒன்றைச் சுவரில் மாட்டினேன். சைடு போர் இப்போது வேண்டாம் என்றேன். பிறகு, "தண்ணி திருட்டுப் போகுது" என்றேன்.

"எத்தனைன்னு சொல்லுது உன்ற கம்ப்யூட்டரு?" என்றார் சித்தப்பா.

"தினமும் ஒரு அங்குலம்."

செந்தில் சிரித்தான். "ஒரு அங்குலமா? ஆட்டுக்குட்டி வந்து குடிச்சிருக்கும்ணா."

எனக்குச் சுருக்கென்றது. "இந்தக் கெணத்துல ஒரு அங்குலம்னா மூவாயிரம் லிட்டர். உங்க பண்ணையில கோழி எத்தன லிட்டர் குடிக்குது, அதச் சொல்லு மொதல்ல."

சித்தப்பாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. "எங்க பண்ணைக்குத் தனி போர் இருக்குது கண்ணு. நாளைக்கு வந்து பாத்துக்க. அது கெடக்கட்டும். பொழுதெறங்கி விடியற வரைக்கும் நம்ம லைனுல பெரிய மோட்டாருக்குக் கரண்டே வராதே. அப்பறம் எதுல எடுத்திருப்பாங்க?"

நான் கேள்விக்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான் செய்தேன். தேர்வு அறையில் கேட்டால் சொல்வதுபோல, "சிங்கிள் பேஸ் மோட்டார், வீட்டுக் கரண்டுலயே ஓடும். ஒரு எச்பி. அரை மணி நேரம் ஓடினாப் போதும்" என்றேன்.

"இந்தக் கெணத்துல ஒரு எச்பி மோட்டாரு யாரோடதுங்க?" என்றார் சித்தப்பா.

அந்தக் கிணற்றில் ஒரே ஒரு சின்ன மோட்டார்தான் இருந்தது. நம் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காக நானே என் கம்பெனியிலிருந்து வாங்கி வந்து மாட்டிக்கொடுத்தது. வீட்டுத் தொட்டிக்கு ஏறுகிற தண்ணீரை அண்ணன் தவறாமல் நோட்டில் எழுதிவந்தார். இது எழுதாதது.

"நாந்தானுங்க" என்றார் அண்ணன். "காலனிக்கு உட்டனுங்க. அவங்க அடிபம்பு வத்திப்போயி அஞ்சு மாசமாச்சு. விடியக்காலைல அரை மணி நேரம். அல்லாரும் நம்ம காட்டுல வேலை செய்யறவங்கதானுங்க."

ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மண்ணுக்கடியில் குழாய் போட்டு வேலிக்கு வெளியே ஒரு டேப் வைத்திருந்தார். எனக்கும் தெரியாது. செந்தில், "நம்ம கெணத்துத் தண்ணியக் காலனிக்குக் குழாய் போட்டுக் குடுத்தா ஊருல என்ன பேசுவாங்க" என்று ஆரம்பித்தான். சித்தப்பா கையைக் காட்டி அவனை நிறுத்தினார். "அத உடு. உன்ற முறையில உட்டிருந்தா நான் எதுக்குக் கேக்கறேன். என்ற ரெண்டு நாள்லயும் எடுத்திருக்கறயே, அதுக்கு என்ன சொல்றே?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் பார்த்தது எனக்குத் தெரியும். நான் கிராஃபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அரை மணியையும் உள்ளீடாகச் சேர்த்துவிட்டால் மிச்சம் எவ்வளவு குறையும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னிடமிருந்து ஒன்றும் வராது என்று தெரிந்ததும் அவர், "இனிமே எடுக்கமாட்டனுங்க" என்று வாக்குக் கொடுத்தார். அன்று பகலிலேயே செந்திலும் பங்காளிகளும் குழாயைத் தோண்டி இரண்டு இடத்தில் வெட்டினார்கள். நான் கிளம்பும்போது அண்ணன் என்னிடம், "உன்ற படிப்புக்குன்னா எங்கிட்டத் தனியாக் கேட்டிருக்கலாமே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை சரோஜா வேலி ஓரமாகக் காலிக்குடத்தோடு வந்தாள். காலனிப் பெண்கள் பொள்ளாச்சி ரோட்டைத் தாண்டி ஓர் அரிசி மில் குழாய்க்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். நோட்டில் அந்த வார அளவுகள் எல்லாம் இருந்தன. நான் அவளிடம் கேட்டேன்: "அந்தத் தண்ணி உங்களுக்குத்தான் வந்துதுன்னு தெரியுமில்ல. காலைல தண்ணி மட்டத்த ஒரு அங்குலம் கூட்டி எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"நீங்கதான மாத்தக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள். பிறகு, "எங்கண்ணுக்கே தெரியாத அங்குலமுங்க. உங்க மிசினுக்கு எப்படீங்க தெரிஞ்சுது?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டு, ஒரு நாள் பிழை எப்படி நூறு நாளில் கரைந்துபோகும், கரையாதது எப்படி மிஞ்சும் என்று பத்து நிமிடம் விளக்கினேன். இடுப்பில் குடத்தை வைத்தபடியே கேட்டாள். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். "அப்ப நானே எழுதிக் குடுத்துட்டனுங்க" என்றாள். சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் போனாள். தொடர்ந்து அளந்து எழுதச் சொல்லித்தான் நான் அன்றைக்கும் பேருந்து ஏறினேன்.

ஏழு வாரம் எழுதினாள். குழாய் வெட்டிய நாளிலிருந்து மிச்சத்தில் ஒழுங்கு எதுவும் இல்லை. மாடல் சொன்னதும் நாடா சொன்னதும் ஒட்டிக்கொண்டு போயின. என் கைடு தாளைப் பார்த்து, இதைவிடச் சுத்தமான சரிபார்ப்பு கிடைக்காது என்றார். எட்டாவது வாரம் ஒரு காலையில் மில்லிலிருந்து இரண்டு குடத்தோடு ரோட்டைத் தாண்டும்போது லாரி மோதிச் சரோஜா இறந்துபோனாள். அண்ணன் கம்பெனிக்குப் போன் செய்தார். "சரோஜா போயிட்டா" என்றார், வைத்துவிட்டார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். நான் சோதனை மேடைக்குத் திரும்பிப் போனேன். அங்கே ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மீதி அளவுகளை எடுத்து முடித்தேன். புள்ளிகள் எல்லாம் கோட்டின் மேலேயே விழுந்தன. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அழுதேனா என்று நீ கேட்கலாம். இல்லை. இன்றைக்கு வரை இல்லை. அது எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

ஆய்வேடு தேறியது. அதைக் காட்டித்தான் இந்தச் சிங்கப்பூர் வேலை கிடைத்தது. நீ அங்கே எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாலும் அதற்குள் இது இருக்கிறது. உன்மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

போன வாரம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். உன் அம்மா சட்டையை மடித்துக்கொண்டே, ஏதோ சாதாரணமாகக் கேட்பதுபோல, "அந்த அரை மணிய நம்ம முறையில கழிச்சுக்கங்கன்னு நீங்க சொல்லியிருக்கலாமேங்க. நமக்கு ஒரு முழு நாள் இருந்துதே" என்றாள்.

நான் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நாலு நாள் சுற்று. தினம் அரை மணி. என் ஒரு நாளில் இரண்டு மணி நேரம் கழியும். இதற்கு மாடல் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், இரண்டாம் வகுப்புக் கணக்கு. அண்ணன் அன்றைக்கு என்னைப் பார்த்தது அதற்காகத்தான். அவருடைய ஒரு நாள் அவர் பயிருக்கே பத்தாது, என் முறையை அவராக எடுத்துக் கொடுக்கவும் முடியாது. நான்தான் சொல்ல வேண்டும். அவர் காத்திருந்தார். எனக்கு அது தோன்றவே இல்லை. வாயடைத்துப் போனேன் என்றாலாவது ஒரு காரணம் ஆகும். தோன்றவே இல்லை.

நேற்று ஊருக்குப் போனேன். சித்தப்பாவையும் செந்திலையும் மோட்டார் ரூமுக்கு வரச் சொன்னேன். அண்ணன் தள்ளித் தென்னைக்கு அந்தப் பக்கம் நின்றார். "காலனிக்குத் தினமும் அரை மணி தண்ணி உடறோம். என்ற முறையில ரெண்டு மணி நேரம் கழிச்சுக்கங்க" என்றேன். செந்தில் தன் அப்பாவைப் பார்த்தான். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உன்ற முறை, உன்ற தண்ணி. நீ அத ரோட்டுல ஊத்துனாலும் நான் கேக்க முடியாது" என்றார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன் கண்ணு."

அவ்வளவுதான். நான் பேருந்தைவிட்டு இறங்கி அரை மணிகூட ஆகியிருக்காது.

அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். நானும் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் புதுக்குழாய் வைத்து ஒட்டினோம். பசை காய்ந்ததும் அவர் போய் மோட்டாரைப் போட்டார். நான் வேலிக்கு வெளியே டேப்புக்குப் பக்கத்தில் நின்றேன். முதலில் காற்று வந்தது, பிறகு சேற்றுத் தண்ணீர், பிறகு தெளிந்தது. சத்தம் கேட்டு நாலைந்து பெண்கள் குடத்தோடு வந்தார்கள். சரோஜாவின் வீட்டுக்காரர் அந்தோணியும் ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். அவரிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். "வேகம் பத்துமாங்க?" என்று கேட்டேன்.

"பத்துமுங்க" என்றார்.

அந்த ஒரு நாள் முறை எனக்குப் பின்னால் உனக்கு வரும். தினமும் அரை மணி அதில் கழிந்திருக்கும். அதை நிறுத்திவிடலாமே என்று யாராவது ஒரு நாள் உன்னிடம் வந்து நியாயமாக, பணிவாக, கணக்கெல்லாம் காட்டிக் கேட்பார்கள். கூடாது என்று சொல். அப்போதே சொல், அவர்கள் எல்லாரும் நிற்கும்போதே சொல்.